தங்கவயலில் ஒரு சங்கம்



பண்டித அயோத்திதாசர் இயற்றிய ‘இந்திரர் தேச சரித்திரம்’ என்னும் நூலின் பழைய பதிப்பு ஒன்று கையில் கிடைக்குமானால், அதன் முகப்பில் அச்சிட்டுள்ள முகவரியைச் சற்று நின்று படியுங்கள். சென்னை என்றோ மதுரை என்றோ யாழ்ப்பாணம் என்றோ அதில் இராது. ‘சித்தார்த்த புத்தகசாலை, சாம்பியன் ரீப்ஸ், கோலார் தங்கவயல்’ என்று இருக்கும். மைசூர் நாட்டின் கிழக்கு ஓரத்தில், பூமியைத் துளைத்துப் பொன் எடுப்பதற்கென்றே ஏற்பட்ட குடியிருப்பு அது. அங்கே இரவும் பகலும் முறை வைத்துப் பாறையுடைத்த மக்களிடையே ஒரு தமிழ்ப் பதிப்பகம் எவ்வாறு தோன்றியது? அதற்கு விடை ஒரு சங்கத்தின் வரலாறு. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

பிழைப்பு நாடிப் புறப்பட்ட மக்கள் சென்ற இடத்தில் சங்கம் அமைத்துக் கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். டில்லித் தமிழர் 1946-ஆம் ஆண்டில் சங்கம் கண்டார்கள். பெங்களூர்த் தமிழர் 1950-ஆம் ஆண்டில் கண்டார்கள். இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நியூ பெட்போர்ட் என்னும் நகரின் பஞ்சாலைகளுக்கு, போர்ச்சுகலைச் சேர்ந்த மதீராத் தீவிலிருந்தும் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் ஏராளமானோர் சென்று குடியேறினர். மதீராவிலிருந்து வந்த நால்வர் 1915-ஆம் ஆண்டில் தங்கள் ஊர்த் திருவிழாவை அந்நகரிலே தொடங்கினர். அவ்விழாவை நடத்துவதற்கென்று ஒரு கழகம் ஏற்பட்டது. கழகத்துக்கு ஒரு திடல் வாய்த்தது. தீவில் தங்கள் பாட்டனார் எவ்வண்ணம் கொண்டாடினாரோ அவ்வண்ணமே பேரர்களும் ஆலை நகரத்தில் கொண்டாடி வந்தனர். குடியேறியோர் கழகங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. பிறந்த ஊரில் இருந்ததைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, புகுந்த ஊரில் பிரித்து வைப்பவை.

தங்கவயலுக்குச் சென்ற தமிழரில் பெரும்பாலோர் அவ்வாறு செய்ய இயலாதவர்கள். அவர்கள் பிறந்த ஊரில் கோயில் இருந்தது. ஆனால் உள்ளே செல்ல உரிமை இல்லை. குளம் இருந்தது, இறங்க உரிமை இல்லை. தேர் இருந்தது, வடம் தொட உரிமை இல்லை. ஊரிலிருந்து அவர்கள் கட்டிக்கொண்டு வருவதற்கு என்ன இருந்தது? ஆகையினால் அவர்களுடைய சங்கம், இழந்த ஊரை நினைத்து ஏங்குவதற்காக அமைந்தது அன்று. தாங்கள் யார் என்பதைப் புதிதாக எழுதிக் கொள்வதற்காக அமைந்தது. மற்றக் குடியேற்றக் கழகங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே என்பது என் கருத்து.

தங்கவயலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவ்வட்டாரத்து மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுத்ததை ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1802-ஆம் ஆண்டில் நேரில் கண்டு குறிப்பு எழுதினார். பல்லாண்டுகளுக்குப் பின் அக்குறிப்பைப் படித்த லவெல் என்னும் ஓய்வுபெற்ற அயர்லாந்துச் சிப்பாய், 1871-ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்து கோலாருக்குப் புறப்பட்டார். சில ஆண்டுகளில் மைசூர் அரசாங்கத்திடம் உரிமமும் பெற்றார். அவருக்குப் பொருள் போதவில்லை, உரிமை கைமாறியது. 1880-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்ற பின்னர்தான் ஆழத்தில் வளமிக்க பொன்வரி தட்டுப்பட்டது. பாறையினூடே ஓடும் அத்தகைய வரியை ஆங்கிலேயர் ‘ரீப்’ என்பர். அவ்வரிக்குச் ‘சாம்பியன்’ என்று பெயரிட்டார்கள். அப்பெயரே சுரங்கத்துக்கும், சுரங்கத்தைச் சுற்றி எழுந்த ஊருக்கும் ஆயிற்று. 1894-ஆம் ஆண்டில் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறக்குறைய 90 மைல் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தனர். நம் தமிழகத்து நகரங்கள் பல மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் தங்கவயலில் மின்விளக்கு எரிந்தது.

அந்த வெளிச்சம் யாருக்கு என்பது வேறு கேள்வி. துரைமாருக்கு மாளிகைகளும், ‘கோல்ப்’ ஆடும் திடலும், மாலையில் கூடிப் பேசும் கழகமும் இருந்தன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களிலிருந்து வந்தவர்களும், இத்தாலியரும், ஆங்கிலோ இந்தியரும் அடுத்த படிகளில் இருந்தனர். அடிப்படியில், வட ஆர்க்காடு, சேலம், செங்கற்பட்டு மாவட்டங்களிலிருந்து வந்த தமிழரும், சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கரும் மூங்கில் தட்டிகளால் மறைத்த குடிசை வரிசைகளில் வாழ்ந்தனர். தமிழரில் மிகப் பெரும் பகுதியினர் ஆதிதிராவிடர்கள். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் வடு ஆறாத கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஊரில் பண்ணையாள் என்றால் கூலி நெல்லாக வரும், அதுவும் கொடுப்பவர் மனம் வைத்தால். தங்கவயலிலோ கூலி காசாக வந்தது. அக்காசுக்கு விலையும் பெரிது. பாறை வெடித்துச் சரிந்து மாண்டவர்களும், நெஞ்சில் கல்தூசி படிந்து இருமி இருமி மாண்டவர்களும் எண்ணற்றோர். பின்னாளில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறையே தொட்டால் சுடும்.

ஆயினும் அங்கே ஒரு புதுமை நிகழ்ந்தது. சுரங்கக் கூண்டில் இறங்கும்போது யார் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று பார்த்து இடம் ஒதுக்க முடியாது. கையில் காசும், பிள்ளைகளுக்குச் சிறிது கல்வியும் வந்தபோது, ‘நம்மை இழிவாகச் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் என்ன? எப்போதும் இப்படித்தான் இருந்தோமா?’ என்னும் கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு விடையாக ஒருவர் சென்னையில் எழுதிக்கொண்டிருந்தார். அவரே அயோத்திதாசர்.

1845-ஆம் ஆண்டில் பிறந்த அயோத்திதாசர் சித்த மருத்துவர். தமிழ்ப் புலமை மிக்கவர். நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் சபைகள் அமைத்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை கோரி விண்ணப்பங்கள் விடுத்தவர். 1892-ஆம் ஆண்டில் சென்னை மகாஜன சபையின் கூட்டத்திலே எழுந்து நின்று, எங்கள் மக்களையும் சிவாலய விஷ்ணு ஆலயங்களுக்குள் விடலாகாதா என்று கேட்டார். உங்கள் குலத்தாருக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கறுப்பண்ணனும் இருக்கின்றன, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர் அல்லர் என்னும் கருத்துப்பட அவையில் விடை வந்தது. அப்படியானால் அந்தச் சாமிகள் எங்களுக்கு வேண்டா என்று சொல்லி அமர்ந்தார். அந்நாளில் அவர் உள்ளம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்பதை அவருடைய பிற்காலத்து எழுத்துகளின் சூட்டிலிருந்து உணரலாம்.

பெயர் பற்றியும் அவருக்கு உறுதியான கொள்கை இருந்தது. அவருடைய மைத்துனரான இரட்டைமலை சீனிவாசன் 1893-ஆம் ஆண்டில் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். எந்தப் பெயரால் இகழ்கின்றார்களோ அதையே தலைநிமிர்ந்து சொல்லுதல் வீரம் என்பது அவர் எண்ணம். அயோத்திதாசருக்கு இது உடன்பாடன்று. பிறர் இட்ட பெயரை நாம் ஏற்பதா? ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்று நம்மைச் சொல்லிக் கொள்வோம், முன்னாளில் நாம் பௌத்தர்கள், பௌத்தத்தைக் கைவிடாத காரணத்தாலேயே தாழ்த்தப்பட்டோம் என்பது அவர் வாதம். இவ்விரு கட்சிகளில் எது சரி என்று இன்றுங்கூட வாதிடுவோர் உளர்.

1898-ஆம் ஆண்டில் அவர் பிரம்மஞான சபைத் தலைவரான கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கை சென்று பௌத்தராகித் திரும்பினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் உருவாயிற்று. தென்னாட்டில் பல இடங்களிலும், இரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் அதற்குக் கிளைகள் தோன்றின. எங்கெல்லாம் தமிழ்த் தொழிலாளர் சென்றார்களோ அங்கெல்லாம் சங்கமும் சென்றது எனலாம். அக்கிளைகளுள் உறுதியாக வேரூன்றியவை தங்கவயற் கிளைகள். மாரிகுப்பத்தில் எம். ஒய். முருகேசர் முதலியோர் முன்னின்று உழைத்தனர். சாம்பியன் ரீப்ஸ் அதற்கு அடுத்த குடியிருப்புத்தான். நடந்தே போகும் தொலைவு.

அச்சங்கம் என்ன செய்தது? வேலை ஓய்ந்த நாளில் கூடினார்கள். பஞ்சசீலம் சொன்னார்கள். கொல்லாமை, களவாமை, பிறர்மனை விழையாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்னும் ஐந்தில், தங்கவயலில் கடைப்பிடிக்க மிகக் கடினமாய் இருந்தது ஐந்தாவது. பூமிக்கடியில் எட்டு மணி நேரம் வெந்து மேலே வருகிறவன் சாராயக் கடையைத் தாண்டி வீடு செல்வது எளிதன்று. அதனால்தான் சங்கத்தார் அதையே விடாமல் வலியுறுத்தினர். திருமணங்களைப் பிராமணப் புரோகிதரின்றித் தாமே நடத்தினர். இறந்தோரைத் தம் முறைப்படி அடக்கம் செய்தனர். வைகாசிப் பௌர்ணமியை விழாவாகக் கொண்டாடினர். பிள்ளைகளுக்கும் எழுத்தறியாப் பெரியோருக்கும் பாடம் சொன்னார்கள். இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த பிக்குகளை வரவேற்று உபதேசம் கேட்டார்கள். ஊரில் யாருடைய வீட்டுத் திண்ணையிலும் உட்கார இயலாதிருந்தவர், இங்கே நாடு கடந்து வந்த துறவியோடு சரிசமமாய் அமர்ந்து தத்துவம் பேசினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பைத் தருவது அவர்கள் பண்டிகைகளைப் புதிதாகப் படித்த விதம். தீபாவளி வருகிறது. ஊரெல்லாம் நரகாசுரன் மாண்ட கதையைச் சொல்கிறது. அயோத்திதாசர் சொல்கிறார்: அஃதன்று, முற்காலத்தில் பௌத்த மடங்களில் வாழ்ந்தோர் எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையையும் அதன் மருத்துவக் குணத்தையும் கண்டறிந்தார்கள், அரசனுக்குத் தெரிவித்தார்கள், அவ்வெண்ணெயை மக்கள் தலையில் தேய்த்துத் தீபவதி என்னும் ஆற்றில் நீராடிய நாளே இந்நாள். கார்த்திகைத் தீபமோ? ஆமணக்கு விதையிலிருந்து விளக்கெண்ணெய் எடுக்கக் கற்று, குன்றின்மேல் விளக்கேற்றிச் சோதித்த நாள். போகியும் சங்கராந்தியும் புத்தபிரான் நிர்வாணமுற்றதை நினைவுகூரும் நாட்கள். அம்மன் யார்? மக்களுக்கு வைப்பூரிப் பிணிக்கு மருந்து சொன்ன பௌத்தப் பெண்துறவி. திருக்குறளையும் ‘திரிக்குறள்’ என்றே எழுதினார். திரிபிடகத்தின் வழி வந்த நூல் என்பது அவர் துணிபு. அதற்கு அவர் வரைந்த உரை முற்றுப்பெறவில்லை.

இச்சொல்லாராய்ச்சிகள் எல்லாம் மொழிநூலார்க்கு உடன்பாடு ஆகா. தீபவதி என்னும் ஆற்றை நிலப்படத்தில் தேடினால் கிடைப்பது அரிது. இதை மறைத்துப் பேசுவது முறையன்று. ஆனால் அவ்விளக்கங்களின் உட்கருத்தைக் கவனியுங்கள். அசுரனைக் கொன்ற விழா, எண்ணெய் கண்டுபிடித்த விழாவாகிறது. மாண்டவனை மறந்து, மருந்து கண்டவனை வணங்கச் சொல்கிறது. அன்றியும், அந்த மருந்தைக் கண்டவர் நம் முன்னோர் என்கிறது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்து முழுகும் சுரங்கத் தொழிலாளி அதே எண்ணெயைத்தான் தேய்க்கிறான். ஆனால் இப்போது அவன் தன் பாட்டனாரின் அறிவைக் கொண்டாடுகிறான். பண்டிகையை விட்டுவிடு என்று சொல்வது எளிது. வீட்டிலுள்ள பெண்டிரும் பிள்ளைகளும் கேட்கமாட்டார்கள். பண்டிகையை உன்னுடையதாக்கிக்கொள் என்று சொல்வதற்குத் தனித்திறமை வேண்டும்.

இவ்விளக்கங்கள் தங்கவயலை எட்டியது ஒரு பத்திரிகையின் வாயிலாக. 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் வெளிவந்தது. விலையே பெயராயிற்று. ஓராண்டுக்குப் பின் வெறும் ‘தமிழன்’ ஆயிற்று. அதிலே சமயம் இருந்தது, அரசியல் இருந்தது, மருத்துவக் குறிப்பும், பயிர்த்தொழிலும், உலகச் செய்தியும் இருந்தன, வாசகர் வினாக்களுக்கு ஆசிரியர் விடைகளும் இருந்தன. தங்கவயலிலிருந்து சந்தாவும் கடிதங்களும் ஓயாமல் சென்றன. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, சுற்றி இருப்போர் கேட்பது அக்காலத்து வழக்கம். ஆகையால் ஓர் இதழ் என்பது ஒரு வாசகர் அன்று. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு வந்தபோது, பௌத்தர் என்று எழுதச் சொல்லுங்கள் என்று ‘தமிழன்’ வற்புறுத்தியது. கணக்கெடுப்பவர் தாளில் ஒரு சொல், அவ்வளவுதான். ஆனால் அதுவரை தங்கள் பெயரைத் தாங்களே சொல்லும் உரிமை யார் அவர்களுக்குக் கொடுத்தார்கள்?

1914-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் அயோத்திதாசர் காலமானார். அவருக்குப் பின் இதழை நெடுங்காலம் நடத்த முடியவில்லை. தலைவர் மறைந்தால் சங்கமும் மறைவதே நம் நாட்டில் பெரும்பாலும் காணும் காட்சி. இங்கே அவ்வாறு நிகழவில்லை. 1926-ஆம் ஆண்டில் ‘தமிழன்’ மீண்டும் பிறந்தது. பிறந்த இடம் சாம்பியன் ரீப்ஸ். சென்னையில் நின்றுபோன இதழைச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று எடுத்து நடத்தியது என்றால், அதற்குப் பின்னால் எத்தனை பேருடைய கூலிக்காசு இருந்திருக்க வேண்டும்!

அவ்விதழின் ஆசிரியர் பண்டிதமணி ஜி. அப்பாதுரையார். இவரை, அறியாதார் சிலர் பன்மொழிப்புலவர் கா. அப்பாத்துரையாரோடு சேர்த்துக் குழப்புவதுண்டு. பன்மொழிப்புலவர் குமரிப் பக்கத்து ஆரல்வாய்மொழியில் பிறந்தவர். திருக்குறளுக்கு விரிவுரை கண்டவர். தங்கவயல் அப்பாதுரையார் வேறு. ‘புத்தர் அருளறம்’ என்னும் நூலை இயற்றியவர் இவர். 1930-களின் நடுப்பகுதி வரை ‘தமிழன்’ இவர் கையில் நடந்தது. இதே காலத்தில் சித்தார்த்த புத்தகசாலை, அயோத்திதாசருடைய எழுத்துகளை நூல்களாக வெளியிடத் தொடங்கியது. ‘இந்திரர் தேச சரித்திரம்’ 1931-ஆம் ஆண்டில் நூல் வடிவம் பெற்றது. ‘புத்தரது ஆதிவேதம்’, ‘விவாக விளக்கம்’ ஆகியவையும், சாதி வேற்றுமையின் மூலத்தை ஆராயும் மாசிலாமணியாரின் ‘வருண பேத விளக்கம்’ முதலியனவும் அவ்வூர் மக்கள் கையில் உலவின. நாடு விடுதலை பெற்ற பின் 1950-களிலும் இந்நூல்கள் தங்கவயலிலிருந்து மறுபதிப்பாக வந்தன.

அப்பாதுரையாருடைய ‘தமிழன்’, அயோத்திதாசருடைய ‘தமிழனின்’ எதிரொலி மட்டும் அன்று. காலம் மாறியிருந்தது. 1925-ஆம் ஆண்டில் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வரத் தொடங்கியது. சுயமரியாதைக் கருத்துகள் தங்கவயலில் வெகு விரைவாகப் பரவின. புரோகிதர் இல்லாத் திருமணம் சங்கத்தாருக்குப் பழைய செய்தியாயிற்றே! அன்றியும் பௌத்தர்களுக்குள்ளேயே இரு போக்குகள் முன்னமே இருந்தன. சென்னையில் பேராசிரியர் பொ. லட்சுமிநரசு 1907-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் பௌத்த சாரத்தை விளக்கி ஒரு நூல் எழுதியிருந்தார். அவரும், பிற்காலத்தில் பொதுவுடைமை முன்னோடியாக விளங்கிய சிங்காரவேலரும் அறிவாராய்ச்சியின் வழியே பௌத்தத்தை நோக்கியவர்கள். மறுபிறப்பும் வினைப்பயனும் அவர்களுக்கு ஒவ்வாதன. அயோத்திதாசரோ தமிழ் நூல்களின் வழியே, சித்தர் பாடல்களின் வழியே, ஊர் வழக்கங்களின் வழியே பௌத்தத்தைத் தேடியவர். விளக்கேற்றுவதா, விவாதிப்பதா என்னும் இப்பிணக்கு தங்கவயலிலும் இருந்தது. என்னளவில் சொல்வதாயின், விவாதித்தவர்களுடைய கருத்து எனக்கு எளிதாக விளங்குகிறது. ஆனால் சங்கத்தை வாழ வைத்தவர்கள் விளக்கேற்றியவர்களே என்றும் தோன்றுகிறது.

தங்கவயல் முழுவதும் பௌத்தமாகி விட்டது என்று நான் சொன்னதாக எண்ணிவிடாதீர்கள். பெரும்பான்மையோர் மாரியம்மனைக் கும்பிட்டனர். பஜனைக் கூடங்கள் இருந்தன. கிறித்தவத் திருச்சபைகள் பள்ளிகளோடும் மருத்துவத்தோடும் வந்தன. பௌத்தர்கள் எக்காலத்தும் சிறுபான்மையினரே. ஆனால் அச்சிறுபான்மை மூட்டிய கேள்விகள் மற்றக் கூட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில், தொழிலாளர் ஒவ்வொருவருடைய விரல் ரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் முனைந்தபோது, எல்லாச் சுரங்கங்களும் ஏறத்தாழ மூன்று வாரம் நின்றன. குற்றவாளியிடம் வாங்குவதுபோல எங்களிடம் ரேகை வாங்குவதா என்பது அவர்கள் முழக்கம். கூலி உயர்வுக்காக நடந்த வேலைநிறுத்தங்கள் பல உண்டு. மானத்துக்காகத் தொடங்கியது அது. இதற்குச் சங்கமே காரணம் என்று நான் வாதிடவில்லை. எனினும் பல ஆண்டுகளாக ‘நாம் இழிந்தோர் அல்லோம்’ என்று ஒரு குரல் வாரந்தோறும் ஒலித்த ஊரில் அது நிகழ்ந்தது என்பதை மறக்க வேண்டா.

1956-ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் தங்கவயலுக்கு முக்கியமானவை. அக்டோபர் 14-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். நாடே அதைப் புதுமையாகப் பேசியது. சாம்பியன் ரீப்ஸில் இருந்த முதியோர்க்கு அது தாத்தா காலத்துச் செய்தி. லட்சுமிநரசுவின் நூலுக்கு 1948-ஆம் ஆண்டுப் பதிப்பில் முன்னுரை எழுதியவர் அம்பேத்கரே. ஆகவே அந்த உறவும் புதியதன்று. நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. தமிழ் வழங்கிய தங்கவயல் கன்னட மாநிலத்தினுள் நின்றது. அதில் பெரிய குழப்பம் ஏதும் நேரவில்லை. ஓர் அரசின் கீழ் வாழ்ந்து ஒரு மொழியில் கனவு காண்பது அவ்வூராருக்குப் பழகியிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஜான் டெய்லர் நிறுவனத்தாரிடமிருந்து சுரங்கங்களை மைசூர் அரசாங்கம் தன்வசம் எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசாங்கத்துக்கு மாறின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆயின.

பொன் அரிதாயிற்று, செலவு மிகுந்தது. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய 120 ஆண்டுகளில் அங்கிருந்து எடுத்த பொன் சுமார் 800 டன் என்பர். எஞ்சியவை சயனைடு கலந்த மண்மேடுகள். இளைஞர்கள் விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவிலே திரும்பலாயினர். வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்தவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் தங்கவயலிலிருந்து மற்றோர் ஊருக்கு இவ்வாறு அன்றாடம் குடிபெயர்கின்றனர்.

சுரங்கம் மூடுவதற்கு இரண்டாண்டு முன்னர், 1999-இல், பாளையங்கோட்டையிலிருந்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்னும் பெருந்தொகுப்பு வெளிவந்தது. தொகுத்தவர் ஞான. அலாய்சியஸ். அவர் இம்மக்களுடைய பௌத்த இயக்கத்தைப் பற்றி அதற்கு முந்தின ஆண்டிலே ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூலும் எழுதியவர். பல்கலைக்கழக நூலகங்கள் சேர்த்து வைக்காத ‘தமிழன்’ இதழ்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் காத்தவை பழைய பௌத்தக் குடும்பங்களே. அவை இல்லையேல் இத்தொகுப்பு இல்லை. தமிழ்ப் படிப்பாளிகள் அயோத்திதாசர் என்னும் பெயரையே மறந்திருந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில், அவரைப் படித்துக்கொண்டும் அச்சிட்டுக்கொண்டும் இருந்தவர்கள் அவர்களே. 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை அவருக்குத் தலை வெளியிட்டது. தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனையும் அவர் பெயர் தாங்கியது.

பெங்களூர்ப் பக்கம் செல்லும் அன்பர்கள் பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, மாரிகுப்பம் செல்லும் கிளைப்பாதையில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். சிறிய பாதை, பத்து மைல் இருக்கும். கோரமண்டல், ஊரிகம் என்னும் நிலையங்கள் வரும். அவற்றுக்குப் பின், கடைசி நிலையத்துக்கு முன்னதாக, ‘சாம்பியன்’ என்று ஒரு பலகை தென்படும். அங்கே இறங்கிக்கொள்ளலாம்.